ஐந்தாவது ஆள்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ரகரமும் றகரமும், லகரமும் ளகரமும் எனக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள். யார் எங்கே நிற்க வேண்டும் என்று நான் அவர்களை அதட்டுவதில்லை.

இந்தத் தொடருக்கு என் தாள்களைத் தட்டெழுதும் தம்பி போன கிழமை தொலைபேசியில் கேட்டார்: "அண்ணை, நாலாம் பக்கத்தில இருக்கிறது சொல்லோ, இல்லாட்டி மை கொட்டினதோ?"

மை கொட்டினது என்றேன். உண்மையில் அது சொல்தான். விளக்கம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆகவே போன கிழமை அத்தியாயத்தில் ஒரு சொல் குறைவு. கண்டுபிடித்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

இந்தக் கிழமை எழுதப்போவது இரண்டு தொலைபேசி அழைப்புகளைப் பற்றி. வாழ்க்கையில் நானாக எடுத்த அழைப்புகளே விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதால் இது எனக்குப் பெரிய விஷயம்.

காருக்குள் ஒரு துண்டுத் தாள்

டென்மார்க்கில் ஹேர்னிங் என்ற ஊர், ஒரு கடையின் வாகனத் தரிப்பிடம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். வெளியே சிறு தூறல். காரின் கண்ணாடி முழுவதும் என் மூச்சுப் பட்டு வெள்ளையாகிவிட்டது. வெளியில் இருந்து பார்த்தால் உள்ளே யாரோ சோறு சமைப்பது போல இருந்திருக்கும்.

கையில் தொலைபேசி, மடியில் துண்டுத் தாள். தாளில் இப்படி எழுதியிருந்தேன்: சுகம் விசாரிக்க. மாமியின் முழங்கால். அங்கே குளிரா. விஷயம்.

'விஷயம்' என்பதற்குக் கீழே எதுவும் எழுதவில்லை. அந்த இடத்துக்கு வரும்போது பேச்சு தானாக வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

அழைக்க வேண்டியது ரொறொன்ரோவில் இருக்கும் சிவநேசன் மச்சானை. என் தாய்மாமனின் மகன்; மாமி என்றது அவருடைய அம்மாவை. நான் டென்மார்க்குக்கு வந்த அதே வருசம் அவர் கனடாவுக்குப் போனார். நல்ல மனிதர். ஆனால் அவரோடு பேசும்போதெல்லாம் எனக்குப் பத்து வயதாகிவிடும்.

வீட்டிலிருந்தே பேசியிருக்கலாம். என் மனைவி தவமணி பக்கத்தில் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகவே பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அது மூன்றாவது ஞாயிறு. முந்தைய இரண்டு ஞாயிறும் இதே இடத்தில் இதே தாளோடு இருந்துவிட்டு, பாலை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்த தவமணி, "என்னப்பா, பால்பண்ணை வைக்கப்போறியளோ?" என்று கேட்டிருந்தா.

கேட்க வேண்டியிருந்தது ஒரு கையெழுத்து. எனக்கில்லை, நான் ஒருநாளும் நேரில் காணாத ஒருவனுக்கு. அவனுக்கும் கனடாவுக்கும் நடுவில் அந்த ஒரு கையெழுத்துத்தான் குறைந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அது கிடைக்க வேண்டும்.

விரிப்பின் அடுத்த பக்கம்

நான் வேலை செய்வது ஒரு சலவைத் தொழிற்சாலையில். ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்புகள் ஈரமாக வரும். சூடான பெரிய உருளைக்குள் அவற்றை ஊட்ட வேண்டும். ஒரு விரிப்புக்கு இரண்டு ஆள். ஒரு மூலை என் கையில், மற்ற மூலை கரீமின் கையில். இழுத்து நேராக்கி உள்ளே விடுவோம். அந்தப் பக்கம் அது சூடாகவும் மொறுமொறுப்பாகவும் வந்து விழும். வெந்த பருத்தியின் வாசம் சட்டையை விட்டுப் போகவே போகாது.

மெஷின் இரைச்சலில் பேச முடியாது. என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிட நல்ல வேலை உலகத்தில் இல்லை.

கரீம் ஆப்கானிஸ்தான்காரன். கஸ்னிப் பக்கம். அங்கே ஹசாரா என்று ஓர் இனம், அவன் அந்த இனம். ஆயுதக்காரர்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து வண்டியிலிருந்து இறக்குவார்களாம். எங்களையாவது ஊர்ச் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையைக் கேட்டுவிட்டுத்தான் இறக்கினார்கள்.

நாங்கள் இருவரும் பேசுவது டேனிஷ். இருவருடையதையும் சேர்த்தால் முக்கால் டேனிஷ் வரும். எட்டு வருசம் பக்கத்தில் பக்கத்தில் நின்றும் அவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அவனுக்குத் தேத்தண்ணீருக்குக் கற்கண்டு வேண்டும் என்பது மட்டும்.

நான் காருக்குள் இருந்த அந்தக் கோடையில்தான் ஓய்வு நேரத்தில் அவன் தன் தொலைபேசியை என்னிடம் நீட்டினான். திரையில் ஒருவன், கையில் கத்தரிக்கோலோடு. அவனுக்கு முன்னால் துண்டு போர்த்திய இன்னொருவன் கதிரையில் இருந்தான்.

"என் தம்பி. நாதிர்," என்றான் கரீம்.

நாதிர் கத்தரியை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தான். ஏதோ சொன்னான். கரீம் சிரித்தான்.

"உன் காதுக்கு மேலே முடியை யார் கொலை செய்தது என்று கேட்கிறான்."

"என் மனைவி," என்றேன்.

"அவளிடம் கத்தரிக்கோலைப் பறித்துவிடு என்கிறான்."

அதுதான் எங்கள் அறிமுகம்.

நாதிர் பத்தொன்பது வயதில் ஊரைவிட்டு ஓடியவன். படகேறி அவுஸ்திரேலியா போக நினைத்து இந்தோனேசியாவில் மாட்டிக்கொண்டான். அகதி என்று அட்டை கொடுத்தார்கள். ஆனால் எந்த நாடும் அவனைக் கூப்பிடவில்லை. அங்கே வேலை செய்ய அனுமதியில்லை. ஒரு மலையூரில் மற்ற அகதிகளோடு ஓர் அறை. பதினொரு வருசம். ஆட்களுக்கு முடி வெட்டுவான், பணத்துக்கு அல்ல, கை சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக. அவனோடு அதே அறையில் இருந்த ஒருவன் அதற்கு முந்தைய வருசம் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். கரீம் அதைச் சொன்னபோது கற்கண்டை வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

டென்மார்க் தம்பியைக் கூப்பிட விடாது. கனடாவில் வேறு வழி இருந்தது. அங்கே ஒரே நகரத்தில் வாழும் ஐந்து பெரியவர்கள் சேர்ந்து, இந்த ஆளை ஒரு வருசம் நாங்கள் பொறுப்பேற்கிறோம் என்று கையெழுத்து வைத்தால் அவனை எடுக்கலாம். கரீம் ரொறொன்ரோவில் தன் ஊர் ஆட்கள் ஐந்து பேரைப் பிடித்துவிட்டான். செலவுக்கும் ஏற்பாடு செய்தாயிற்று. கடைசி நேரத்தில் ஐந்தாவது ஆள் வேறு நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். மாத முடிவுக்குள் இன்னொருவர் கிடைக்காவிட்டால் மற்ற நால்வரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நால்வரில் இருவர், இன்னொரு தடவை எங்களால் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"உன் ஆட்கள் எல்லோரும் ரொறொன்ரோவில்தானே," என்றான் கரீம். "ஒருவர். ஒரே ஒருவர்."

எனக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. அது நல்ல குணம் அல்ல, ஒரு வியாதி. வேண்டாத தொலைக்காட்சிச் சேவை மூன்று எங்கள் வீட்டுக்கு வந்தது அப்படித்தான். தலையை ஆட்டிவிட்டேன்.

யுத்தம் முடிந்தவர்கள்

அது காபூல் விழுந்த கோடை. விமானத்தின் பின்னால் சனம் ஓடுவதை ஓய்வறைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். கரீம் பார்க்கவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் மேற்பார்வையாளர் பெண்ட் நல்ல மனிதர். கரீமின் தோளில் கை வைத்து, "சரி, ஒருவழியாக யுத்தம் முடிந்துவிட்டது. இனி உன் தம்பி வீட்டுக்குப் போகலாம் இல்லையா?" என்று கேட்டார். ஆறுதலாகத்தான் கேட்டார்.

கரீம் "யா, யா" என்றான். டேனிஷில் ஓம் என்பதற்கு அதுதான். எதற்கும் பதில் இல்லாதபோதும் அதுதான்.

எங்கள் யுத்தம் முடிந்த வைகாசி எனக்கு ஞாபகம் வந்தது. அப்போதும் இதே ஓய்வறை. மடிப்புப் பகுதியில் வேலை செய்த ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்து, "வாழ்த்துகள், உங்கள் நாட்டில் யுத்தம் முடிந்துவிட்டதாமே," என்றா.

அன்று தவமணியின் அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்றே எங்களுக்குத் தெரியாது. வீட்டில் மூன்று நாளாக அடுப்பு எரியவில்லை. தவமணி தொலைபேசிக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருந்தா.

நான் அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "நன்றி" என்றேன். அது போதாதென்று, அவ கொண்டுவந்த கேக்கில் ஒரு துண்டும் சாப்பிட்டேன். நல்ல கேக். அதுதான் இன்றுவரை எனக்குக் கோபம்.

மெத்தைக்கு அடியில்

இன்னொரு பழைய கதையையும் இங்கே சொல்லிவிட்டு வருகிறேன். காத்திருப்பது என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதற்காக.

நான் டென்மார்க்குக்கு வந்த புதிதில் ரண்டர்ஸுக்குப் பக்கத்தில் ஓர் அகதி முகாமில் பத்து மாதம் இருந்தேன். பத்து மாதம் பதினொரு வருசம் ஆகாது. ஆனாலும் அந்த அறையின் கூரையில் எத்தனை ஆணி என்று இன்றும் சொல்வேன்.

ஒருநாள் எனக்கு அரசாங்கக் கடிதம் ஒன்று வந்தது. எல்லாம் டேனிஷ். வாசிக்க முடியாது. பக்கத்து அறையில் டேனிஷ் தெரிந்த ஒரு மாஸ்டர் இருந்தார். ஆனால் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு பார்த்தால் படுத்திருந்தார். மறுநாள் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். எப்படிப் போய்த் தொந்தரவு கொடுப்பது? இவ்வளவு தடித்த கடிதம் நல்ல செய்தியாக இருக்காது என்று நானே முடிவுகட்டி, அதை மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டு, பையையும் கட்டிவைத்தேன். நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் முகாம் ஆள் வந்து, "நீ ஏன் இன்னும் இங்கே இருக்கிறாய்? உனக்கு அனுமதி கிடைத்துவிட்டதே," என்று கேட்டார்.

ஒரு சுதந்திர மனிதன் நாலு நாள் தன்னைத்தானே மறியலில் அடைத்து வைத்திருந்த கதை இது. கூச்சம் என்பது அடக்கம் மாதிரித் தெரியும். ஆனால் அது ஆளைச் சாப்பிட்டுவிடும். அடுத்தவனையும் சேர்த்துச் சாப்பிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஒரு பொடியன் இருக்கிறான்

இனிக் காருக்குத் திரும்புகிறேன்.

எங்கள் ஆட்கள் எதையும் எடுத்தவுடன் கேட்பதில்லை. ஒரு சுற்றுச் சுற்றித்தான் வருவோம். நானோ இரண்டு சுற்று. அகதி, கையெழுத்து, பொறுப்பு என்று தொடங்கினால் மச்சான் பயந்துவிடுவார் என்று நினைத்தேன். முதலில் அவர்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று மெதுவாகப் பார்ப்பது. பிறகு நாதிரின் குணத்தைச் சொல்வது. விஷயத்தைக் கடைசியில் வைப்பது. அதுதான் என் திட்டம்.

தகுதி என்ன என்பதை என் மகள் கரீம் தந்த கடதாசியைப் பார்த்துச் சொல்லியிருந்தாள்: வதிவிடவுரிமையோ குடியுரிமையோ இருக்க வேண்டும், வேலை இருக்க வேண்டும், பெரிய பொலிஸ் வழக்கு இருக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் பெரியவர்கள் யார் என்றாலும் சரி.

இலக்கத்தை அழுத்தினேன்.

"ஹலோ, ஆர்?"

"மச்சான், நான் டென்மார்க் ராசன்."

"ராசனோ? ஆரும் செத்துப் போயிட்டினமோ?"

"இல்லையில்லை. சும்மாதான் எடுத்தனான்."

"நீ சும்மா எடுக்கிற ஆளில்லையே."

சுகம் விசாரித்தேன். மாமியின் முழங்காலை விசாரித்தேன். இரண்டு முழங்காலையும் தனித்தனியாக விசாரித்தேன். குளிர் இன்னும் தொடங்கவில்லை என்றார். இங்கேயும் இல்லை என்றேன். தாளில் அடுத்தது 'விஷயம்' மட்டும்தான்.

"மச்சான், நீங்கள் எல்லாரும் சிற்றிசன் எடுத்தாச்சுத்தானே?"

"அது எந்தக் காலத்திலயோ."

"பிள்ளையும்?"

"அபி இஞ்ச பிறந்தவள்தானே. ஏன்?"

"பிள்ளை வேலையோ இப்ப?"

"ஓம். காப்புறுதிக் கந்தோர். நிரந்தரம்." அவர் குரல் கொஞ்சம் மாறியது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "இரு, நான் உள்ள வந்து ஸ்பீக்கரில போடுறன். புவனமும் கேக்கட்டும்."

புவனம் அக்கா அவருடைய மனைவி. அவவும் வந்து கேட்கிறா என்றால் காரியம் நடக்கும் என்று எனக்குச் சந்தோசம்.

"சொல்லு ராசன். என்ன விஷயம்?"

"ஒரு பொடியன் இருக்கிறான் மச்சான்."

அந்தப் பக்கம் யாரோ கதிரையை இழுத்துப் போட்டார்கள்.

"என்ன வயசு?"

"முப்பது."

"குணம் எப்பிடி?"

"தங்கமான பொடியன். குடி, சிகரட் ஒண்டுமில்லை. கனகாலமாத் தனிய இருக்கிறான், பாவம்."

"எங்க இருக்கிறார்?"

"இப்ப இந்தோனேசியாவில. கனடாவுக்கு வரத்தான் விருப்பம். நீங்கள் மனசு வைச்சால்தான் வரலாம்."

"கொம்பனி அனுப்பி இருக்கிறாரோ?" இது புவனம் அக்கா.

"கொம்பனி இல்லை அக்கா. அவர் அங்க இருக்கிறார்."

"எந்த ஊர் ஆக்கள்?"

"கஸ்னிப் பக்கம்."

"அது வன்னியிலயோ?"

"இல்லை அக்கா. அங்கால."

"சரி, என்ன தொழில்?"

"முடி வெட்டுறவர்."

தொலைபேசியில் காற்றுச் சத்தம்கூட இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"ராசன்," என்றார் மச்சான். மெல்லிய குரல். "டென்மார்க்கில இருந்துகொண்டு எங்களை இப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறாய், என்ன?"

பிறகுதான் அறுந்தது.

பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அகதி என்றவுடன் கையை உதறிவிட்டார்களே, தாங்களும் அகதியாகப் போனவர்கள்தானே என்று வழியெல்லாம் மனசுக்குள் திட்டினேன். நான் அகதி என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

யோசிக்கிறார்

திங்கட்கிழமை விரிப்பின் மூலையைப் பிடித்தபடி கரீம் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். ஓய்வு நேரத்தில் வாய்விட்டும் கேட்டான்.

"கேட்டாயா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அப்போது அவனுக்கு வேறு ஆள் தேட ஒன்பது நாளாவது இருந்திருக்கும். என் வாயிலிருந்து வந்தது: "யோசிக்கிறார்."

மறுநாள் நாதிரின் குரல்செய்தி ஒன்றைக் கரீம் எனக்குப் போட்டுக் காட்டினான். மொழி புரியவில்லை. கரீம் சொன்னான்: "யோசிக்கும் அந்த மனிதருக்கும் அவர் வீட்டாருக்கும் நன்றி என்கிறான். வந்ததும் எல்லோருக்கும் முடி வெட்டி விடுவானாம்."

கற்கண்டை அவன் பக்கம் தள்ளி வைத்தேன். அன்றும் சொல்லவில்லை. புதன்கிழமையும் சொல்லவில்லை.

வியாழன் பின்னேரம் வேலை முடிந்து வந்தால், தவமணி குசினியில் அடுப்படிக் கதிரையில் இருந்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தா. அழுகிறா என்று பயந்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணீர்.

"எப்ப தொடங்கினனீங்கள் கலியாண புரோக்கர் வேலை?"

"என்ன?"

"கோல்டிங்கில இருக்கிற என்ர அக்கா எடுத்தவ. நீங்கள் அபிக்கு ஆரோ முடி வெட்டுற பொடியனைப் பேசினியளாம். ஊர் பேர் தெரியாத ஆளாம். ரொறொன்ரோ முழுக்க இதுதான் கதையாம். புவனம் அக்கா ரெண்டு நாளாச் சாப்பிடேல்லையாம்."

நானும் ஒரு கதிரையில் அமர்ந்தேன். பேசியதை எல்லாம் ஒன்றொன்றாக நினைத்துப் பார்த்தேன். சிற்றிசனோ. வேலையோ. பிள்ளையும் சிற்றிசனோ. ஒரு பொடியன் இருக்கிறான். குடி சிகரட் இல்லை. நீங்கள் மனசு வைத்தால் வரலாம். தரகர்களே இவ்வளவு ஒழுங்காகப் பேசமாட்டார்கள். அதுவரை வாழ்க்கையில் நான் தடங்கல் இல்லாமல் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சிரிப்பும் வரவில்லை. பொடியன் இந்தோனேசியாவில் வேலையில்லாமல் இருக்கிறான் என்பதையும், கஸ்னி எங்கே இருக்கிறது என்று தெரியாததையும் மச்சான் பொறுத்துக்கொண்டிருந்தார். தொலைபேசியை அறுக்க வைத்தது அவன் தொழில். முப்பது வருசப் பனியில் உறையாமலும் உருகாமலும் எங்கள் ஆட்கள் சாதியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். எங்கள் ஆட்கள் என்று எழுதும்போது என்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். 'முடி வெட்டுறவர்' என்று சொல்ல முன்னம் நானும் ஒரு கணம் தயங்கினேன்.

"சிரிச்சது போதும்," என்றா தவமணி. குரல் மாறிவிட்டது. "அந்தத் தம்பிக்கு இன்னும் எத்தினை நாள் இருக்கு?"

"ஆறு."

"கரீமுக்கு என்ன சொல்லி வைச்சிருக்கிறியள்?"

சொன்னேன்.

தவமணி என் தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்தா. "என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கும் நீங்கள் சுவரைத்தான் பாத்துக்கொண்டிருந்தனீங்கள். அது எனக்கு மட்டுந்தான் நட்டம். இது அப்பிடியில்லை. எடுங்கோ ஃபோனை. இப்ப, என்ர முன்னால."

தாள் இல்லாமல்

குசினி மேசை. எதிரில் தவமணி. மகள் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து வாசலில் சாய்ந்து நின்றாள். "ஃபா, சும்மா நேராகச் சொல்லுங்கள்," என்றாள் டேனிஷில். அதில் ஃபா என்றால் அப்பா. அவளுக்கு எல்லாம் நேர்தான். இந்த நாட்டில் பிறந்தவள்.

மச்சான் எடுத்தார். மூச்சு மட்டும் கேட்டது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மச்சான், ஃபோனை வைக்காதேங்கோ. நான் கலியாணம் பேச எடுக்கேல்லை. அண்டைக்கும் அதுக்கு எடுக்கேல்லை. என்னோட வேலை செய்யிற ஒரு ஆப்கான் பெடியன்ர தம்பி அவன். அகதி. பதினொரு வருசமா ஒரு அறைக்குள்ள இருக்கிறான். கனடாவில அஞ்சு பேர் கையெழுத்து வைச்சால் வெளிய வரலாம். நாலு பேர் இருக்கினம். ஒராள் காணாது. ஆறு நாள் இருக்கு. உங்களைக் கேக்க வெக்கப்பட்டு நான் சுத்தி வளைச்சதில இவ்வளவும் வந்தது. பிழை என்னில. அவனில இல்லை."

இத்தனை சொற்களை நான் ஒரே மூச்சில் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

அந்தப் பக்கம் முதலில் ஒரு செருமல். பிறகு மச்சான் சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரிப்பு மாமாவின் சிரிப்பு மாதிரியே இருக்கும், நடுவில் இருமல் வரும்.

"மடையா," என்றார். "புவனத்துக்கு இரத்த அழுத்தம் ஏறி, டொக்டரிட்டயும் போய் வந்தாச்சு."

பிறகு சிரிப்பு நின்றது. ஒரு வருசப் பொறுப்பு என்றால் லேசில்லை என்றார். தனக்கு அறுபது ஆகிறது என்றார். முன்பின் தெரியாத ஆள், வேறு சனம், வேறு சமயம் என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. தவமணியைப் பார்த்தேன். அவ மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தா.

அப்போது தொலைபேசியில் ஒரு புதுக் குரல்.

"மாமா, நான் அபி. ஸ்பீக்கரில எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தனான்."

"ஓம் பிள்ளை."

"அவர் என்னைக் கட்டக் கேக்கேல்லைத்தானே?"

"ஐயோ, இல்லைப் பிள்ளை. அவனுக்கு உம்மை ஆரெண்டே தெரியாது."

"வயசு, வேலை, சிற்றிசன், எல்லாம் விசாரிச்சனீங்கள்தானே. எனக்கு எல்லாம் இருக்கு. நான் சைன் பண்ணலாமோ?"

பின்னால் புவனம் அக்காவின் குரல் கேட்டது. "உனக்கென்ன விசரே? கலியாணம் பேசிற நேரத்தில ஒரு ஆம்பிளைக்குக் கையெழுத்து வைச்சால் சனம் என்ன கதைக்கும்?"

"சனம் ஏற்கனவே கதைச்சு முடிச்சிட்டுது அம்மா," என்றாள் அபி. "இனிப் புதுசாக் கதைக்க என்ன இருக்கு?"

ஒரு நிமிசம் அங்கே மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இடையில் அபி ஆங்கிலத்துக்கு மாறினாள். மச்சான் பெருமூச்சு விட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"கடதாசியை அனுப்பு ராசன்," என்றார். "அவள் வைக்கப்போறாளாம். என்ர சொல்லு இஞ்ச ஆர் கேக்கினம்."

மறுநாள் காலை முதல் விரிப்பைப் பிடிக்கும் முன்னமே கரீமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். எங்கள் முக்கால் டேனிஷில் கலியாணப் பேச்சை விளங்கப்படுத்துவது பெரும்பாடு. விளங்கியதும் அவன் கேட்டது ஒன்றுதான்.

"எத்தனை நாள் எனக்குச் சொல்லாமல் இருந்தாய்?"

"நாலு."

தலையை ஆட்டினான். அன்று முழுவதும் விரிப்பைக் கொஞ்சம் பலமாகவே இழுத்தான். இழுக்கட்டும் என்று விட்டேன்.

மெஷின் நின்ற நாள்

கையெழுத்து வைத்தவுடன் கதவு திறந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு மூன்று குளிர்காலம் போனது. நேர்முகம் என்றார்கள். வைத்தியப் பரிசோதனை என்றார்கள். அதன் காலம் முடிந்துவிட்டது, திரும்பச் செய் என்றார்கள். அபிக்கு நடுவில் கலியாணமும் நடந்தது. மாப்பிள்ளையிடம் நாதிரைப் பற்றி முதலிலேயே சொல்லித்தான் கட்டினாளாம்.

இந்தக் கிழமை, புதன்கிழமை, பின்னேரம் இரண்டு மணியிருக்கும். கரீமின் காற்சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. வேலை நேரத்தில் அதை எடுக்கக் கூடாது. அவன் எடுத்தான். காதில் வைத்தான். பிறகு கையை நீட்டி மெஷினின் சிவப்புப் பொத்தானை அழுத்தினான்.

அது ஆபத்துப் பொத்தான். யாருடைய கையாவது உருளைக்குள் போனால் அழுத்துவதற்கு. நான் அங்கே வேலை செய்த இத்தனை வருசத்தில் அதை யாரும் தொட்டதில்லை. உருளை நின்றது. பட்டி நின்றது. பாதி உள்ளே, பாதி வெளியே ஒரு விரிப்புத் தொங்கியது. கூடம் முழுவதும் ஒரு அமைதி. எனக்குக் காது அடைத்தது போல இருந்தது.

பெண்ட் முகம் வெளிறி ஓடிவந்தார். "யாருடைய கை? யாருடைய கை?"

கரீம் சலவை வண்டியின் விளிம்பில் குந்தியிருந்து, ஓர் ஆஸ்பத்திரி விரிப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். தோள் குலுங்கியது. தொலைபேசி அவன் மடியில் கிடந்தது. அவனால் பேச முடியாது. அங்கே நின்ற மற்ற ஆள் நான்தான்.

"என்ன நடந்தது?" பெண்ட் என் முழங்கையைப் பிடித்தார்.

"ஓர் ஆள் வந்து சேர்ந்துவிட்டார்," என்றேன்.

"எங்கே? மெஷினுக்குள்ளேயா?"

"இல்லை. ரொறொன்ரோவுக்கு."

பெண்ட் என்னைப் பார்த்தார். கரீமைப் பார்த்தார். மெஷின் ஏன் நின்றது என்று நிரப்பும் கடதாசியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வண்டியில் கரீமுக்குப் பக்கத்தில் தானும் இருந்துகொண்டார்.

அந்த அமைதியில்தான் தொலைபேசியின் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அழைப்பு இன்னும் அறுபடவில்லை. விமான நிலைய இரைச்சல். யாரோ சிரிக்கிறார்கள், யாரோ அழுகிறார்கள். அபியின் குரல் போல ஒன்று. அதற்கு மேலால் மச்சானின் குரல், முழுத் தொண்டையில்:

"தம்பி, கோட்டைப் போடும். வெளியில குளிர் கொல்லும் தம்பி. இந்தக் கையை இதுக்குள்ள விடும். ஆ, அப்பிடித்தான்."

நாதிருக்குத் தமிழ் தெரியாது என்று யாராவது மச்சானிடம் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. கோட்டைப் போட்டுவிட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

ஹேர்னிங்,
தை மாதம் பதினோராம் தேதி, சனிக்கிழமை.